எதையும் தொடவில்லை

எந்த வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் மாமா கேட்பார்: "எதையாவது தொட்டீங்களா?" வீடு வீடாக இன்டர்நெட் இணைப்பு கொடுத்துப் பராமரிப்பது அவர் தொழில். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் மின்விசிறி நின்றாலும் அதைத்தான் கேட்பார். ஒருமுறை அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்தபோதும் வாசலில் நின்று அதையே கேட்டார். "தெர்மாமீட்டரைத் தொட்டேன்டா தம்பி," என்றாள் அம்மா.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எல்லா வீட்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. பெயர் 'வீடு'. பாஸ்வேர்டு, அவருடைய பழைய ஸ்கூட்டர் நம்பர். "அவங்கவங்க வச்சா மறந்துட்டு என் உயிரை எடுப்பாங்க. இப்போ யார் மறந்தாலும் எனக்கு ஞாபகம் இருக்கும்ல?" என்பார். நாற்பது வீட்டுக்கு ஒரே சாவி.

முதல் மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் தனியாக இருந்தார். வெளியூரில் இருக்கும் மகன் அவருக்கு இரண்டு வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்திருந்தான். மாத்திரை நேரம் வந்தால், டீச்சரின் போனில் அவன் பதிந்து வைத்திருந்த குரல் படுக்கையறை ஸ்பீக்கரில் கேட்கும்: "அம்மா, மாத்திரை." அந்த ஸ்பீக்கர் கிட்டத்தட்ட தினமும் இணைப்பை இழந்தது. ஸ்பீக்கரைக் காணவில்லை என்றது போன். ஸ்பீக்கர் அலமாரி மேல்தான் இருந்தது. பதினொரு மணி மாத்திரை நான்கு முறை தவறியது. இனியும் தவறினால் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான் மகன்.

மாமா காலை ஒன்பது மணிக்குப் போவார். ஸ்பீக்கர் சமர்த்தாகப் பாடும்.

"எதையாவது தொட்டீங்களா டீச்சர்?"

"இல்லப்பா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. வயசானா கை சும்மா இருக்காது."

மூன்றாவது முறை என்னையும் அழைத்துக்கொண்டு போனார். "அக்கா பொண்ணு. இன்ஜினியர். எங்க குடும்பத்துலயே காலேஜ் வாசலை மிதிச்ச ஒரே ஆளு," என்று அறிமுகம் செய்தார். நெட்வொர்க் பாடத்தில் நான் தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தேன். நானும் டீச்சரிடம், "எதையும் அழுத்தலையே மேடம்?" என்றுதான் கேட்டேன்.

டீச்சர் ஒரு நோட்டை நீட்டினார். கட்டம் போட்டு எழுதியிருந்தார். செவ்வாய், 10.05, போயிற்று, எதையும் தொடவில்லை. புதன், 10.04, போயிற்று, எதையும் தொடவில்லை. ஞாயிறு, நாள் முழுவதும் இருந்தது, எதையும் தொடவில்லை. வியாழக்கிழமைக்கு எதிரே, 'தோளளவு பதினாலரை எடுக்கச் சொன்னது' என்று இருந்தது.

"யார் சொன்னது மேடம்?"

"ஸ்பீக்கர். ஏதோ பொம்பளைக் குரல். பையன்கிட்டயும் சொன்னேன். சனிக்கிழமை வர்றேன்னு மட்டும் சொன்னான்."

எனக்குப் புரிந்தது. படுக்கையறைக்கு நேர் கீழே தையல்கடை. போன மாதம்தான் மாமா அங்கே இணைப்பு கொடுத்திருந்தார். கடை பத்து மணிக்குத் திறக்கும், ஞாயிறு விடுமுறை. டீச்சரின் ரவுட்டர் கூடத்து மூலையில் இருக்க, தையல்காரரின் ரவுட்டர் ஸ்பீக்கருக்கு நேர் கீழே இருந்தது. அவர் சுவிட்சைப் போட்டதும், அதே பெயர், அதே பாஸ்வேர்டு, கூடத்து ரவுட்டரைவிடப் பலமான சிக்னல் என்று ஸ்பீக்கர் அங்கே தாவிவிடும். வியாழக்கிழமை தையல்காரர் போனில் துணி வெட்டும் முறை வீடியோ பார்க்கும்போது விரல் எங்கோ பட்டு, பாடம் நடத்தும் பெண்ணின் குரல் மாடி ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது.

படிக்கட்டில் இறங்கும்போது மாமாவிடம் சொன்னேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ தொட்டது நான்தானா?"

"ஆமா மாமா."

"வெளியில சொல்லாத. நாற்பது வீடும்மா."

நான் சொல்லவில்லை. அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டா, நானும் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தேன் என்பதாலா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றே மாமா டீச்சர் வீட்டு வைஃபைக்கு வேறு பெயர் வைத்து, ஸ்பீக்கர்களையும் அதில் இணைத்தார். "சரியாயிடுச்சு டீச்சர். மெஷின்ல ஒரு குறையும் இல்ல," என்றார். மற்ற வீடுகளுக்குப் 'புதுப் பாதுகாப்பு' என்று சொல்லிப் பெயர் மாற்றப் பதினொரு நாள் ஆனது.

சனிக்கிழமை மகன் வந்தான். நாங்களும் போனோம். பதினொரு மணிக்கு ஸ்பீக்கர், "அம்மா, மாத்திரை" என்றது. டீச்சர் மாத்திரையை விழுங்கிவிட்டு, மகனோடு கிளம்ப அடுக்கியிருந்த துணிப்பெட்டியை மூடினார்.

"அதான் வேலை செய்யுதே மேடம்," என்றேன்.

"செய்யுதும்மா. மெஷின்ல குறை இல்லைன்னு உங்க மாமாவே சொல்லிட்டார். அப்போ மிச்சம் யாரு? நான்தானே. கழிச்சுப் பார்த்துட்டேன்."

மாமா வாயைத் திறந்தார். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் அண்ணே, அலைஞ்சீங்க," என்றான். மாமா வாயை மூடிக்கொண்டு பெட்டிக்கு ஒரு கை கொடுத்தார்.

அதன்பின் எந்த வாசலிலும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "எப்போ போச்சு?" என்று மட்டும் கேட்பார். செருப்பைக் கழற்றிய பிறகு.

போன வருடம் மாமா இறந்துபோனார். வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்வதற்காக அவருடைய போனை என்னிடம் கொடுத்தார்கள். எல்லா எண்ணும் வீட்டு எண், மாடி என்றே பதிவாகியிருந்தது. டீச்சரின் புது எண் மட்டும் வேறு மாதிரி இருந்தது: 'டீச்சர் - சொல்லணும்'. அந்த எண்ணுக்கு ஆறு முறை அழைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பேசிய நேரம் பூஜ்ஜியம்.