காட்டு வள்ளி என்று நான் சொன்ன கிழங்கு

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் காலையில் கிழங்கு அவிப்பார்கள். வெறும் மரவள்ளிதான், தேங்காய்ப்பூவும் சம்பலும் வைத்துத் தருவார்கள். சட்டி மூடியைத் திறக்கிற நேரம் நான் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவேன். "தொரைக்குக் கிழங்கு திண்டா கௌரவம் கொறஞ்சி போகும்" என்று கந்தோரில் கூட வேலை செய்கிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். நானும் சிரித்து வைப்பேன். அந்த ஆவி எனக்குப் பத்து வருசத்துக்கு முந்திய வேறொரு சட்டியின் ஆவி என்று நின்ற நிலையில் யாருக்குச் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வளவு வரிப்பத்தான்சேனைக்கு வெளியே இருந்தது. இரண்டு ஏக்கர். பாதியில் வாப்பாவின் சோளமும் கச்சானும், மீதி பத்தைக்காடு. குடும்பத்தில் உயர்தர வகுப்பு வரை போன முதல் ஆள் நான்; உயிரியல் படித்தேன். சுற்றாடலில் உள்ள ஐம்பது தாவரங்களை இனங்கண்டு வரும்படி ஆசிரியர் சொன்னார். ஐம்பது அவருக்குப் போதும், எனக்குப் போதவில்லை. பத்தைக்குள் இருந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு முளை அடித்து, தாரால் இலக்கம் எழுதினேன். கொப்பியில் இடப்பக்கம் செடிகள், வலப்பக்கம் பிராணிகள். மரநாயை நான் கண்டதேயில்லை. அதன் எச்சத்தில் கிடந்த பாலைப்பழக் கொட்டையைப் பார்த்து அதையும் பதிந்தேன். அவ்வளவு பேராசை.

அந்தக் கொட்டையைக் காட்டியது ராத்தா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆடு மேய்க்கப் போய்ப் போய்ப் பத்தையின் ஒவ்வொரு மூலையும் அவளுக்குத் தெரியும். அவள் கண்டுபிடிப்பாள், நான் பெயர் எழுதுவேன்.

"வாப்பா, நம்மட ஆடு திங்கிறதுக்கெல்லாம் இவன் இங்கிலீசுப் பேரு வெக்கிறான்!"

"அது லத்தீன் ராத்தா."

"எதுவா இரிந்தா என்ன, ஆடு கேக்கவா போகுது?"

வாப்பாவுக்கு உள்ளூரப் பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் முளைகளைக் காட்டுவார். "எல்லாம் மகன்ட கொப்பில இரிக்கி" என்பார். வீட்டில் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கும் வழக்கம் அப்படித்தான் தொடங்கியது. கேட்டால் தெரியாது என்று சொல்ல எனக்கும் வராது.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்த காலையில் பத்தையில் ஒரு இலை மிஞ்சவில்லை. வீட்டுக் கூரை போய், சோளம் படுத்து, அரிசிப் பெட்டிக்குள் தண்ணீர். தென்னைகள் குறுக்கே விழுந்து பாதை அடைபட்டதால் எங்கள் பக்கம் நிவாரணக் கோதுமை மா லொறி வரவில்லை. நான்காம் நாள், கல்முனையில் மா கொடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு நானும் வாப்பாவும் நடந்து போவதென்று முடிவாயிற்று. போய்த் திரும்ப மூன்று நாளாவது ஆகும். அதுவரை உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் என்ன?

கொப்பியைப் புரட்டினேன். நாற்பத்தொன்று, காட்டு வள்ளி. வாப்பா கல்முனைப் பாதையில் முன்னால் நடக்கத் தொடங்க, நான் மண்வெட்டியோடு பத்தைக்குள் ஓடினேன். முளை நின்றது. பக்கத்தில் வேரோடு சாய்ந்த மரம் மண்ணைப் புரட்டி, முளையையும் ஒரு முழம் தள்ளியிருந்தது என்று பிறகுதான் யோசித்தேன். அந்த இடத்தில் இரண்டு கொடிகள் சேர்ந்து படர்ந்தவை. இலையும் பூவும் இருந்தால் குழந்தையும் பிரித்துச் சொல்லும். அன்று இரண்டும் மொட்டைத் தண்டு. முளைக்கு நேரே கிண்டினேன்.

உம்மா கிழங்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"என்ன மகன், கலப்ப மாதிரி ரெண்டாக் கவர் விட்டிரிக்கி?"

"வள்ளில கன இனம் இரிக்கும்மா. புத்தகத்துல இரிக்கி."

"கசக்குமாடா?"

"ரெண்டு தரம் அவிச்சித் தண்ணிய வடிங்க. போயிரும்."

ராத்தா சிரித்தாள். "படிச்ச புள்ள சொன்னா சரிதான். உம்மா, அடுப்ப மூட்டுங்க." நான் ஓடிப்போய் வாப்பாவை எட்டிப் பிடித்தேன்.

மூன்றாம் நாள் அஸர் தொழுகை நேரம் தோளில் மா மூட்டையோடு திரும்பினோம். வாசலில் ஆட்கள். உள்ளே பாயில் உம்மா சுருண்டு கிடந்தா. ராத்தாவின் கண்கள் குழிவிழுந்து, என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தன. இரண்டு நாளாக வாந்தியும் வயிற்றோட்டமும். பக்கத்து ஊரில் நாட்டு மருந்து கொடுக்கும் பரிசாரியார் அடுப்படியில் கிடந்த மிச்சத் துண்டை எடுத்து வந்து வாப்பாவின் முன்னால் நீட்டினார்.

"இது கார்த்திகப்பூக் கிழங்கு. நஞ்சி. இத ஆரு கிண்டின?"

கார்த்திகைப்பூ. நாற்பத்திரண்டு. அதுவும் என் கொப்பியில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்" என்றா உம்மா பாயிலிருந்து. "பசி தாங்காமக் கிண்டினன்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மஃரிபுக்கு முன்னால் ராத்தா மவுத்தானாள். ஊருக்குப் பதிவு எடுக்க வந்த விதானையார் அவளுடைய பெயரைச் சூறாவளியில் இறந்தவர்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார், வாப்பா மறுக்கவில்லை. இரண்டு கிழமையில் உம்மாவின் தலைமயிர் கைப்பிடி கைப்பிடியாகக் கழன்றது. வாப்பா அடிக்கவில்லை, ஏசவுமில்லை. "பத்தைக்குள்ளயே கிடந்த பொம்புளைக்கு ஒரு கிழங்கு தெரியல்ல" என்று மட்டும் சொல்வார். சோறு போடும்போது சொல்வார், பெருநாளன்று சொல்வார். உம்மா கறியைக் கிளறிக்கொண்டே இருப்பா. உம்மா தனியே இருந்த ஒரு நாள் அவவின் காலைப் பிடித்து, வாப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சும்மா இரி மகன். உன்னையும் வெறுத்திட்டா அந்த மனிசன் எதப் புடிச்சிக்கிட்டு இரிப்பாரு?" என்றா. கொப்பியை அவவே அடுப்பில் வைத்தா.

உம்மா போன வருசம் மவுத்தாகிவிட்டா. எண்பத்தைந்தில் இனப் பிரச்சினை தொடங்கி ஊரைவிட்டு இந்தக் கல்முனைப் பக்கம் வந்தோம். அதற்குப் பிறகு வளவு கைமாறிக் கரும்புக்குப் போயிற்று. போன மாதம் வாப்பா ஒரு தடவை பார்க்க வேண்டுமென்றார். அந்த இடத்தில் வைத்தாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். போய் நின்றால் வீட்டு மேடு இல்லை, பத்தை இல்லை, கறையான் புற்று இல்லை, உடும்பு இல்லை. ஆளுயரத்துக்குக் கரும்பு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே செடி.

வாப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"எவடத்துலடா உன்ட உம்மா கிண்டின?"

நான் கையை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டினேன்.