ஆறாம் சேனலும் ஏழாம் சேனலும்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு சந்தில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இரண்டு லாட்ஜுகள் இருந்தன. உரிமையாளர்கள் அண்ணன் தம்பி. அப்பா போன பிறகு ஒரே கட்டடத்தை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். சுவர் எழும்பியதோடு பேச்சும் நின்றுபோனது. அண்ணன் தம்பியை "பக்கத்து லாட்ஜுக்காரன்" என்பார். தம்பிக்கு அண்ணன் வெறும் "அந்த ஆளு". காளவாசலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த எனக்கு இருவருமே வாடிக்கையாளர்கள்.

வைஃபை அப்போது எங்கள் ஊருக்குப் புதிது. மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள் லேப்டாப்போடு வந்து தங்கத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் முந்திக்கொண்டார். அவருடைய மாடிப்படி ஓரத்தில் ரவுட்டரை மாட்டினேன். "ஒயர் இல்லாத இன்டர்நெட்" என்று வாசலில் போர்டு வைத்தார். போர்டின் பெயிண்ட் காயும் முன்பே தம்பியிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, அந்த ஆளுக்கு என்னமோ சேனல்ங்கிறாய்ங்களே, அது எந்த நம்பர்ல வச்சிருக்க?"

ரவுட்டர் எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் அது. "ஆறுண்ணே" என்றேன்.

"அப்ப எனக்கு ஏழு போடு. ஒண்ணாவது கூட இருக்கணும்ல."

எனக்கும் அது சரியென்றே பட்டது. எண் வேறென்றால் பாதையும் வேறு, ஒன்றில் ஒன்று குறுக்கிடாது என்று மனதார நம்பினேன். அதை அவருக்கு நிபுணனைப் போல விளக்கவும் செய்தேன்.

மூன்றாம் நாளே அண்ணன் என்னை வரச் சொன்னார். "தம்பி, ஒரு மெயில் போக அரை மணி நேரம் ஆகுதாம். ரூம்காரவுக காலி பண்றேங்கிறாக. பக்கத்து லாட்ஜுக்காரன் என்னமோ செய்வினை வச்சுட்டான்."

சுவருக்கு அந்தப் பக்கம் போனால் அங்கும் அதே நிலைமை. "அந்த ஆளு வேணும்னே அமுக்குறாரு மாப்ள. இதவிடப் பெருசா ஒண்ணு மாட்டு."

பெரிதாக ஒன்று மாட்டினேன். தம்பியின் ஆன்டெனா ஒரு முழம் நீண்டது. மறுவாரம் அண்ணனுக்கு இரண்டு முழம். இரண்டு லாட்ஜிலும் இன்டர்நெட் மொத்தமாகப் படுத்துவிட்டது. ஆனால் இருவரும் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. குற்றவாளி சுவருக்கு அப்பால் இருக்கிறான் என்பதில் இருவருக்கும் துளி சந்தேகமில்லை.

எனக்குத்தான் உறுத்தியது. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் வேலை பார்த்த நண்பனுக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தான்.

"டேய், ஆறும் ஏழும் தனித்தனி ரோடு இல்லடா. முக்காவாசி ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் கிடக்கும். ரெண்டுமே ஆறுல இருந்தாக்கூட ஒண்ணு பேசுறப்ப இன்னொண்ணு கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கும், மாறி மாறிப் பேசிக்கிரும். பக்கத்துப் பக்கத்து நம்பர்னா ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் புரியாது, வெறும் இரைச்சல்தான். ஒண்ணு, ஆறு, பதினொண்ணு, இதுல ரெண்டப் பிடி. மொதல்ல அந்த ஆன்டெனாவக் கழட்டு."

தவறு முழுக்க என்னுடையது. அதை ஒப்புக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. தம்பியிடம் போய், "அண்ணே, ஒரேயடியா பதினொண்ணுக்குத் தூக்கிரவா?" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் மோப்பம் பிடித்து, "என்னைய பன்னெண்டுல போடு" என்றார்.

"மூத்தவுகளுக்கு ஒண்ணுதானண்ணே பொருத்தம்?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

புது ஆன்டெனா வருகிறது என்று இருவரிடமும் பொய் சொல்லிப் பழையதைக் கழற்றினேன். அன்று மாலையே இரண்டு பக்கமும் மெயில்கள் பறந்தன. அண்ணன் எனக்கு ஜிகர்தண்டா வாங்கித் தந்தார். தம்பி பரோட்டா வாங்கித் தந்தார். அடுத்தவனைத் தோற்கடித்ததற்காக இருவரும் என்னைப் பாராட்டினார்கள். வெட்கமில்லாமல் இரண்டையும் சாப்பிட்டேன்.

அந்த ஐப்பசி மழையில் இடி விழுந்து அண்ணனின் ரவுட்டர் கருகியது. புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரவேற்பறையில் ஒரு பிரதிநிதி நிம்மதியாக மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அது... பக்கத்துலருந்து வருது தம்பி" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். "இப்ப நல்லாக் கிடைக்குது. இரைச்சலே இல்ல."

"பாஸ்வேர்டு?"

"எங்கப்பா பேரத்தான் வச்சிருப்பான்னு போட்டுப் பாத்தேன். தொறந்துக்கிருச்சு. நீ அவசரப்படாத, அடுத்த வாரம் வா."

பயந்துகொண்டே தம்பியிடம் போனேன். "அண்ணே, பாஸ்வேர்ட மாத்தணுமா?"

"எதுக்கு?" என்றார்.

"இல்ல, வேற யாராவது..."

"யாரு உள்ள வந்துருக்கான்னு எனக்குத் தெரியும் மாப்ள." மேஜைமேல் இருந்த சாவிகளை வரிசையாக அடுக்கினார். "மாத்த வேணாம். எனக்குத் தெரியும்னு அங்கிட்டுக் காட்டிக்காத, போ."

பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணனின் அடுத்த வாரம் வரவே இல்லை. நான் கொண்டுபோன ரவுட்டரைக் கடைசியில் திருமங்கலத்தில் ஓர் உரக்கடைக்காரருக்கு வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டேன்.