உரக்கடை மாடியில் செவ்வாய்க்கிழமைகள்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த உரக்கடையை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் மூக்கு தானாக யூரியா வாடையைத் தேடுகிறது. கடையின் மாடியில், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் அறை பிடித்து வைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் மனநல ஆலோசகர் ஒருவர் வருவார். ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் அங்கே போய்வந்தேன். என் வாழ்க்கையில் ஒரே இடத்துக்கு விடாமல் போனது அதற்குத்தான். பள்ளிக்கூடத்துக்குக்கூட அப்படிப் போனதில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டேன். அப்பாவோடு கிணறு வெட்டப் போனேன். வடக்கனந்தல் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணறுகளில் பாறைக்கு வெடி வைத்தவர் அவர். அது சலித்ததும் லாரி கிளீனர் ஆனேன். கொஞ்ச நாள் பெங்களூரில் கட்டட வேலை. அப்புறம் பட்டாளம். வடக்கே ஒரு மலை முகாமில் இருந்தபோது, எங்கள் இருவருக்கும் டீ வாங்கிவரப் போன கூட்டாளி திரும்பவில்லை. சமையல் கொட்டகை மேல் குண்டு விழுந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் காயம் ஒன்றும் கிடையாது. சர்வீஸ் முடித்து, பென்ஷனோடு, முழு உடம்போடு ஊர் வந்து சேர்ந்தேன்.

வந்த கொஞ்ச நாளிலேயே பெரியப்பா இறந்தார். எங்கள் பக்கத்தில் பிணம் எடுத்துப் போகும்போது வழிநெடுக வெடி போடுவார்கள். பாடையின் ஒரு முனை என் தோளில் இருந்தது. முதல் வெடி வெடித்தது மட்டும் நினைவிருக்கிறது. தோளை உருவிக்கொண்டு ஓடிக் கால்வாயில் குப்புற விழுந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாடை சாய்ந்ததும் மற்ற மூன்று பேர் எப்படியோ தாங்கிவிட்டார்கள். வெடி போட்டவன் என் சித்தப்பா மகன். டீக்கடையில் ரொம்ப நாளைக்கு அவனுக்கு இதுதான் பேச்சு.

"பார்டர்ல துப்பாக்கி புடிச்சிக்கினு நின்ன ஆளுடா! நம்ம ஊரு வெடிக்குக் கால்வாயில நீச்சல் அடிக்கறாரு!"

எனக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. மலை ஏறிக் கரியாலூரில் ஒரு விடுதிக்குக் காவல்காரனாகப் போனேன். மழையும் காற்றும் தவிர வேறு சத்தமில்லை, இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். மரவள்ளி விளைந்து காட்டுப்பன்றி வரத் தொடங்கியதும் சுற்றியிருந்த காட்டுக்காரர்கள் பன்றி விரட்ட வெடி போட ஆரம்பித்தார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

கீழே அப்பா படுக்கையில் இருந்தார். காலமெல்லாம் கிணற்றுக்குள் குடித்த கல்தூசு நெஞ்சில் தங்கிவிட்டது. தேறமாட்டார் என்று அவருக்கே தெரியும்.

"நீ ஒரே புள்ள. கொள்ளிச்சட்டி நீதான் தூக்கணும். நிப்பியா, ஓடிடுவியா?" என்றார்.

"வெடி வேணாம்னு சொல்லிடறேம்பா."

"எம்மாம் கிணத்துல வெடி வச்சவன் நானு. என்னை ஊமையா தூக்கிக்கினு போவியா? வெடி இல்லாம எடுத்தீன்னு வையி, பாடையில எழுந்து உக்காந்துக்குவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று ராத்திரி வீட்டில் சொன்னேன். அந்த மாடி அறையைப் பற்றி என் வீட்டுக்காரிதான் எங்கோ விசாரித்துக்கொண்டு வந்தாள். அது பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம் என்றேன்.

"அப்ப சரியான எடந்தான். போய்ட்டு வா" என்றாள்.

ஆலோசகர் திருச்சிப் பக்கத்துப் பெண், என்னைவிட இளையவர். முதல் நாள் உள்ளே போனதும் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு, வாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் போனபோது நாற்காலி ஏற்கெனவே சுவரோரம் கிடந்தது. மூன்றாவது வாரமும் போனேன் என்றால் அதற்காகத்தான்.

குண்டு விழுந்த கதையை அவர் துருவவில்லை. நான் சுற்றிய ஊர்களைப் பற்றிப் பேசினேன். லாரியில் தூங்கியது, பெங்களூரில் மஞ்சள் காமாலையோடு சாரம் ஏறியது, கடைசியில் பெரியப்பா சாவில் ஓடியது, எல்லாம். கீழே மூட்டை இறக்குகிற சத்தத்துக்கு நான் துள்ளினால் அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஒரு செவ்வாய் கிணற்று வேலைப் பேச்சு வந்தது.

"கிணத்து வெடி பெருசா, சாவு வெடி பெருசா?" என்று கேட்டார்.

"கிணத்து வெடிங்க. அது வெடிச்சா ஊரே ஆடும்."

"அப்ப பயந்திருக்கீங்களா?"

"இல்லீங்களே."

"ஏன்?"

யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய் அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபோது விளங்கியது. திரியில் நெருப்பு வைப்பதற்கு முன்னால் அப்பா கிணற்று மேட்டில் நின்று சிவப்புத் துண்டை ஆட்டுவார். நாலு திசையும் திரும்பி, "வெடியோ... வெடி!" என்று அடிவயிற்றிலிருந்து கூவுவார். ஆடு மேய்ப்பவர்கள்கூட மரத்துக்குப் பின்னால் போய்விடுவார்கள். எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது வெடிக்கும். மலை முகாமில் யாரும் கூவவில்லை.

அடுத்த செவ்வாய் இதைச் சொன்னேன்.

"சொல்லாம வர்றதுதான் உங்களை அடிக்குது. சாவுலயும் யாராவது கூவினா?" என்றார்.

"பொணம் போற வழியில அப்படி யாருங்க கூவுவா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்க வேண்டிய ஆள் சித்தப்பா மகன். எங்கள் பங்காளிகளில் வெடி அவன் பொறுப்பு. டீக்கடைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போய்க் கேட்டேன். முதலில் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"ஒரு கொரல் வுடணும், அவ்ளோதானே? இத்த சொல்றதுக்கா ணா மலைமேல போய் குந்திக்கினு இருந்த?"

அதன் பிறகு வெடிச் சத்தத்துக்குப் பழக ஆரம்பித்தேன். முதலில் மாடி அறை மேசைமேல் கொளுத்தாத வெடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது. பிறகு தண்ணீர் வற்றிய ஏரிக்குள் அவன் தூரத்தில் நின்று கூவி ஒன்று கொளுத்துவான். நான் கரையில் மூச்சை எண்ணிக்கொண்டு நிற்பேன். வாராவாரம் கொஞ்சம் கிட்டே வந்தான். ஒரு நாள் ஆலோசகரும் வந்தார். அவன் கூவியதும் அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"நீங்களே பொத்திக்கினா எப்படி மேடம்?" என்றான்.

"எனக்கு தீபாவளியே ஆகாதுங்க" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வெடித்தது. சிரித்தபடியே நின்றிருந்தேன்.

ஏரிச் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். சாயங்காலம் அப்பா கேட்பார், "இன்னாடா, நான் போறதுக்கு முன்னாடியே ஒத்திகையா?" சித்தப்பா மகனிடம், "அது கூவலாடா? கோழி முட்டை வச்ச மாதிரி இருக்குது. என் பொணத்துக்கு முன்னாடி இப்படிக் கூவினீன்னா எனக்குத்தான் அசிங்கம்" என்பார். மூச்சு வாங்கும். ஆனாலும் ஒருமுறை கூவிக் காட்டினார். அப்புறம் வெகுநேரம் இருமினார்.

மாசி மாதம் போனார். ஒரு மத்தியானம் எடுத்தோம். கொள்ளிச்சட்டியோடு நான் முன்னால் நடந்தேன். சித்தப்பா மகன் எனக்கும் முன்னால் போய், கழுத்துத் துண்டை உருவி ஆட்டி, "வெடியோ... வெடி!" என்று கூவினான். நான் நின்றேன். என்னோடு மேளம் நின்றது, பாடை நின்றது. வெடித்தது. நடந்தேன். தெருமுனை, கோயில் திருப்பம், புளியமரம் என்று ஒவ்வொரு இடத்திலும் இப்படித்தான் போனோம். சுடுகாட்டுக்குக் கிட்டே, யாரோ உறவுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிவந்த சரவெடியைக் கூவாமல் கொளுத்திவிட்டார். நான் அப்படியே குந்திவிட்டேன். சட்டியை மார்போடு அணைத்திருக்கிறேன். சூடு பட்டுச் சட்டை கருகியது பிறகுதான் தெரிந்தது. சித்தப்பா மகன் ஓடிவந்து என் பக்கத்தில் மண்ணில் குந்தினான்.

"முடிஞ்சிச்சி ணா. இனிமே இல்ல. மெதுவா எழு."

யாரும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன்.

காரியம் முடிந்த அடுத்த செவ்வாய் மாடி ஏறினேன். ஆலோசகர் எப்படி நடந்தது என்று கேட்டார்.

"சட்டி கீழ வுழலீங்க" என்றேன்.

அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கீழேயிருந்து டீ வரவழைத்துக் குடித்தோம். அடுத்த கோடையில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், அறையையும் மூடிவிட்டார்கள். நான் மறுபடி லாரி ஏறினேன், இன்னும் பல ஊர் சுற்றினேன். சரக்கு இறக்குகிற இடங்களில் யூரியா மூட்டை கண்ணில் பட்டால் அன்று செவ்வாய்க்கிழமையா என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வேன்.

சுடுகாட்டுக்குப் போகிற வழியில்தான் எங்கள் வீடு. இப்போதும் எந்தச் சாவு போனாலும், தெருமுனைக்கு வந்ததும் யாராவது ஒருவர் துண்டை உருவி ஆட்டிக் கூவுகிறார்கள். நான் ஊரில் இல்லாத நாளிலும் கூவுகிறார்களாம். வீட்டுக்காரி சொன்னாள்.