குதிகாலில் ஒரு கொப்புளம்

அவளுக்கு வயது நாற்பத்தாறு. அரசு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். "செருப்பு கடிச்சா அன்னிக்கே வாங்க, முத்தவிட்டு வராதீங்க" என்று தினமும் நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பாள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. லீவு மட்டும் மலைபோலச் சேர்ந்து கிடந்தது. முதுகுப்பையோடு தேசம் தேசமாகச் சுற்றிப் பழகிய தங்கைதான், "லீவைச் சேர்த்து வச்சா குட்டியா போடும்? கிளம்புக்கா" என்று வெளிநாட்டுக்கு இழுத்துப் போனாள்.

ஷூ புதிது. மூன்றாம் நாளே இடது குதிகாலில் கொப்புளம் எழும்பியது. தங்கை ஆசையாகத் திட்டம் போட்டிருக்கிறாள், நாம் கெடுப்பானேன் என்று பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நடந்தாள். மலைப்பாதை, மழை, காயாத சாக்ஸ். ஆறாம் நாள் காலை, பத்துப் பேர் படுக்கும் விடுதி அறையில், மேல் கட்டிலிலிருந்து இறங்க ஏணியில் காலை வைத்தவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. குதிகால் பழுத்து, சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"மூணு நாளா."

"ஊருக்குத்தான் உபதேசம் போல."

தங்கையின் தோளைப் பிடித்து நொண்டி நொண்டி இரண்டு தெரு தாண்டியதும் ஒரு சின்ன கிளினிக் இருந்தது. அங்கே மருத்துவர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அறுத்துச் சீழை எடுத்தார். போனில் தட்டித் தங்கை மொழிபெயர்த்தாள்: மாத்திரை உண்டு, ஐந்து நாள் நடக்கவே கூடாது.

கட்டுப் போட வந்த நர்ஸுக்கும் இவள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். பழக்கதோஷத்தில் இவள் கை தானாகப் பஞ்சை எடுக்கப் போனது. அந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். இவள் தன் நெஞ்சைத் தொட்டு, கட்டுச் சுற்றுவதுபோல் கையைச் சுழற்றிக் காட்டினாள். அவளுக்குப் புரிந்து சிரிப்பு வந்துவிட்டது. இவள் கையை மெதுவாகப் பிடித்து மடியில் வைத்துவிட்டுத் தானே துடைக்க ஆரம்பித்தாள். இவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

"இல்லடி. அசதி."

அன்று விடுதியில் கீழ்க்கட்டிலை மாற்றி வாங்கினார்கள். பயணத்தை ரத்து செய்கிறேன் என்று நின்ற தங்கையை, "நீயும் என் பக்கத்துல உட்கார்ந்து என்ன பண்ணப்போற?" என்று பகலில் ஊர் சுற்றிப் பார்க்க விரட்டி அனுப்பினாள். பிறகு தூங்கினாள். அறைக்குள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள், பை கட்டினார்கள். மாத்திரைக்கு மட்டும் எழுந்தாள். மூன்றாம் நாளும் போர்வைக்குள்ளேயே கிடந்தவளைப் பார்த்துத் தங்கை பயந்துபோய் நெற்றியைத் தொட்டாள்.

"காய்ச்சல் இல்லையே. அப்புறம் ஏன் இப்படிக் கிடக்குற?"

"கால் மட்டும் இல்லடி. மொத்தமா ஓய்ஞ்சு போயிருக்கேன். இங்க வந்து படுத்தப்புறம்தான் எனக்கே தெரியுது."

தங்கை கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

புண் ஆறியது. பார்க்க வந்த இடங்களில் பாதியைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பினார்கள். ஆறு மாதத்துக்காவது வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். ஆள் இல்லை என்று பதில் வந்தது. அதே அறைக்குத்தான் போகிறாள். வார விடுமுறை என்று ஒன்று அவளுக்கு எப்போதும் இருந்ததுதான். முன்பெல்லாம் கூட வேலை செய்பவர்கள் யார் வந்து கேட்டாலும் விட்டுக்கொடுத்துவிடுவாள். இப்போது யார் கேட்டாலும் தருவதில்லை. அந்த நாளில் தங்கை போன் செய்தாலும் எடுப்பதில்லை. தூங்குகிறாள்.