நான் சொன்ன இடுப்பு வலி

என் அப்பா நாற்பத்தாறு வயதில் போனார். சித்தப்பா அதற்கும் முன்பே. எங்கள் குடும்பத்தில் ஆண்கள் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண்கள் ஏதாவது ஒரு வலியோடு எழுபது, எண்பது வரை கிடப்பார்கள். அதுதான் வழக்கம் என்று நம்பியிருந்தோம். அதனால் எனக்குப் பிரஷர் என்று தெரிந்த நாள் முதல் வீட்டில் நான்தான் நோயாளி. காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, நான் விழுங்கும்வரை என் மனைவி நகரமாட்டாள்.

அவள் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் காலர் தைத்தாள். கழிவறைக்கு எழுந்தால் சூப்பர்வைசர் கத்துவான். அதற்குப் பயந்து அவள் வரிசைப் பெண்கள் பகலில் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். கொண்டுபோன பாட்டில் அப்படியே திரும்பி வரும். சிறுநீர் எரிகிறது, சிவப்பாக வருகிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்குக் கன்னடம் அவ்வளவாக வராது.

"நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வெக்கமா கீது."

டாக்டர் சின்ன வயது. பின்னால் பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. இடுப்பு வலி என்றேன்.

"அஷ்டேனாம்மா?" இவ்வளவுதானா என்று அவளைக் கேட்டார் டாக்டர். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கம்மா சொன்னாங்க, ஊமை மாப்பிள்ளன்னு." நானும் சிரித்தேன்.

வலி மாத்திரை கொடுத்திருந்தார்கள். தீரத் தீர அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் நானே வாங்கி வந்தேன். ஒரு வருஷம். எரிச்சல் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கால் வீங்கிய பிறகுதான் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வலி மாத்திரையும் சேர்ந்து கெடுத்திருக்கிறது என்றார்கள்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ஊசி குத்தி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கறுத்து வெளியே வருகிறாள். என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். பின்னால் யார் இருந்தார்கள் என்று பார்க்கவில்லை. பிரஷர்காரனுடையது ஆகாது என்றுவிட்டார்.

அவளுக்குத் தண்ணீர் அளவுதான். காலையில் ஒரு சின்ன டம்ளர். நாக்கை நனைத்துவிட்டு மூடி வைத்துவிடுவாள். பிறகு எனக்குப் பெரிய டம்ளரில் நிறைய ஊற்றி, மாத்திரையோடு நீட்டுகிறாள்.

நான் விழுங்கும்வரை இப்போதும் நகரமாட்டாள்.