மலை ஏறிய கேள்வித்தாள்கள்

"கண்டியில இப்ப குரங்கவிட ஆராய்ச்சி பண்றவங்கதான் ஜாஸ்தி. குரங்காவது பழத்தப் பறிச்சிக்கிட்டுப் போயிரும். இவங்க பேரு, வயசு, என்னா சாப்பிட்டேங்கிறதெல்லாம் கேட்டுட்டுல்ல போறாங்க."

பன்வில பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது இது. என் மடியில் ஒரு கட்டுக் கேள்வித்தாள் இருந்தது. துப்பட்டாவை இழுத்து அதை மூடிக்கொண்டேன்.

யாரோ எழுதிய கேள்வியை யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று கேட்பதுதான் என் தொழில். பதவியின் பெயர் ஆய்வு உதவியாளர். நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று சேர்ந்தேன். மூன்றாவது வருடம் நடக்கிறது. புது ஆட்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். ஆராய்ச்சி செய்கிறவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர்கள் ஆராய்ச்சி செய்வதோ தமிழ் பேசுகிறவர்களை. நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

காலில் அட்டைக்கடியும் கையில் கேள்வித்தாளுமாக மலை ஏறிய சக உதவியாளர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினால் போதும்.

நோக்கமில்லாத நடை

ஒரு விரிவுரையாளர் நகரவாசிகளின் மகிழ்ச்சியை அளந்துகொண்டிருந்தார். கேள்விகள் ஏதோ குளிர் நாட்டில் தயாரானவை. மொழிபெயர்க்கும்போது ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது, மாற்றினால் அளவுகோல் பழுதாகிவிடும் என்று என்னை எச்சரித்திருந்தார். மகிழ்ச்சியை அளக்கும் கோல் அவ்வளவு மெல்லியது போலிருக்கிறது.

கண்டி நகரத்து மஹய்யாவையில், விடியற்காலையில் தெருக்கூட்டும் வேலைக்குப் போய்விட்டு வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு அண்ணனிடம் பன்னிரண்டாவது கேள்விக்கு வந்தேன். "கடந்த இரு வாரங்களில் நீங்கள் எத்தனை தடவை நோக்கம் எதுவுமின்றி உலாவச் சென்றீர்கள்?" அவர் வீங்கியிருந்த கணுக்காலைத் தடவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் நடக்கிறதெல்லாம் நோக்கத்தோடதாம்மா. முன்னால தள்ளுவண்டி போகும், பின்னால சுப்பவைசர் வருவாரு."

மூன்று முறை அளந்த பிள்ளை

பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பஸ் போகும் தூரத்தில் இருப்பதாலும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்டிக்குத் திரும்பிவிடலாம் என்பதாலும், எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அந்தத் தோட்டத்தின் மேல் தீராத அக்கறை. அதற்கு அப்பாலும் தோட்டங்கள் உண்டு. பாதை மோசமென்பதால் அங்குள்ளவர்களுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

சரோஜா அக்காவை அங்குதான் சந்தித்தேன். கொழுந்து பறிக்கிறவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கிறார். நான்கு வயதில் ஒரு மகளும், அப்போது வயிற்றில் ஒரு பிள்ளையும். எந்தத் துறை போனாலும் அந்தக் காம்பராவில் தேத்தண்ணி கிடைக்கும். கேட்காமலே இரண்டாவது கோப்பையும் வரும். அந்த முறை நாங்கள் போனது பிள்ளைகளின் உயரமும் நிறையும் எடுக்க. மகளைச் சுவரோடு நிறுத்தினோம். அவள் சொல்லாமலே குதிகாலை ஒட்டி, நாடியை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பழக்கம். அந்த மாதத்தில் அளக்க வந்த மூன்றாவது குழு நாங்கள். மூன்றும் ஒரே பல்கலைக்கழகம். ஒரு துறை எடுத்த அளவை இன்னொரு துறையிடம் கேட்டு வாங்கினால் அது ஆராய்ச்சி ஆகாதாம்.

சரோஜா அக்கா அளவுநாடாவைப் பார்த்துச் சிரித்தார்.

"போன வாரம் அளந்தவங்ககிட்டயே கேட்டுக்கங்க மிஸ். ஏழு நாள்ல அவ ஒண்ணும் வளர்ந்திருக்க மாட்டா."

மாநாட்டுச் சாப்பாடு

வருடத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி மாநாடு. குத்துவிளக்கு, கண்டிய நடனம், அரை மணி நேரம் வரவேற்புரை. பிறகு ஆளுக்குப் பத்து நிமிடம். காலையில் மட்டும் நான் கேட்டவை: வாவிக்கரைக் குரங்குகளின் உணவு ரசனை, வாகனத் தரிப்பிடங்களில் மனிதர்களின் பொறுமை, சுற்றுலாப் பயணிகள் எந்தப் பக்கம் திரும்பிப் படமெடுக்கிறார்கள், பலாக்கொட்டையிலிருந்து முகப்பூச்சு. கடைசியாக லயத்துக் கூரைகள் ஒழுகுவது பற்றி ஒன்று. ஒழுகும் இடங்கள் நான்கு வகை என்று நிறுவியிருந்தார்கள். படங்கள் மிக அழகாக இருந்தன. "இனி என்ன செய்யலாம்?" என்று யாரோ கேட்டார்கள். "மேலும் ஆய்வுகள் தேவை" என்றார் கட்டுரையாளர். பலத்த கைதட்டல்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் சுதன் இருந்தான். மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பின் மேல் சோற்றுத்தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இதையெல்லாம் யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். அவன் மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"வாசிக்கிறதுக்கு ஆர் எழுதினது? பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைக்கும், எங்களுக்குக் கோழிப் புரியாணி கிடைக்கும். விடும்."

நாற்பது போத்தல்

பிறகு தண்ணீர் ஆராய்ச்சி வந்தது. இதற்குப் பொறுப்பு ஒரு பேராசிரியை. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. அதே தோட்டத்தில், தேயிலை மலைக்குள்ளால் வழிந்துவரும் தண்ணீரை லயத்துச் சனங்கள் பிடிக்கும் பீலியிலிருந்தும், வீட்டுக் குடங்களிலிருந்தும், மேலே காட்டோரத்து ஊற்றிலிருந்தும் நாற்பது போத்தல் எடுத்தோம். போத்தலில் பெயர் எழுதக்கூடாது, இலக்கம் மட்டும்தான். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் என்னிடம் இருந்தது. சரோஜா அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போத்தலை நிரப்பித் தந்தார். பிரசவ லீவு முடிந்து கொழுந்துக்குப் போகத் தொடங்கிவிட்டதால், குழந்தையைப் பகலில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விடுகிறாராம். போத்தல் பால்தான் என்றார்.

ஆய்வுகூடத்தில் போத்தல்களைச் சோதித்தவர் நிஸ்தார் நானா. மடவளைக்காரர். இருபது வருடமாக அங்கே வேலை செய்கிறார். பெறுபேறு வந்த நாளில் என்னைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். மேலே காட்டோரத்து ஊற்றில் எடுத்த இரண்டு போத்தல் சுத்தம். பீலித் தண்ணீர் முழுக்கத் தேயிலைக்குப் போடும் உரம் கழுவி வந்த உப்பு. பெரியவர்கள் சமாளித்துவிடுவார்கள், அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து, இரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்காது, உதடெல்லாம் நீலம் பாய்ந்துவிடும் என்றார். கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடாதா என்று கேட்டேன்.

"காச்சினாலும் போகாது தங்கச்சி. காச்சக் காச்ச கூடத்தான் செய்யும். அங்க புள்ளகள் ஈக்கிதா?"

தனியுரிமை

இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டுப் பேராசிரியையின் அறைக்குப் போனேன். தோட்டத்தில் சொல்லிவிடலாமா மேடம் என்று கேட்டேன். கதவருகிலேயே நின்று கேட்டதால் அவருக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

அவர் கோபப்படவே இல்லை. பொறுமையாக விளக்கினார். எந்த வீட்டுத் தண்ணீர் எப்படி என்று சொல்வது பங்குபற்றியவர்களின் தனியுரிமையை மீறுவதாகும். நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதோடு கட்டுரை இன்னும் சஞ்சிகையில் ஏற்கப்படவில்லை, முன்கூட்டி வெளியே போனால் புதுமை போய்விடும். பெறுபேறுகளை வெளியில் பேசமாட்டேன் என்று நானும் சேரும்போதே கையெழுத்துப் போட்டவள்தானே என்று நினைவூட்டினார். பேசினால் வேலை போய்விடும் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல அவசியமும் இருக்கவில்லை. பெயர்ப் பட்டியலை அவர் முன்னாலேயே கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். சனங்களுக்கு எப்போது தெரியவரும் என்று கடைசியாகக் கேட்டேன்.

"அடுத்த வருடம் வெளிவந்துவிடும். ஆங்கிலத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்."

ஐந்து பெட்டிகள்

அதற்குப் பிறகு வேறு வேறு துறைகளுக்காக மூன்று தடவை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மூன்று தடவையும் சரோஜா அக்கா தேத்தண்ணி நீட்டினார். மூன்று தடவையும் வயிறு சரியில்லை என்றேன். காட்டோரத்து ஊற்றுக்குக் கால் மணி நேரம் ஏற வேண்டும். வாசலில் நின்றால் அந்த மேடு தெரியும். நான் அதைப் பார்ப்பேன், பிறகு கேள்வித்தாளைப் பார்ப்பேன்.

நான்காவது தடவை போனது சேவைகளில் மக்கள் திருப்தி பற்றிய ஆய்வுக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஐந்து பெட்டிகள்: மிக நன்று, நன்று, சொல்ல முடியாது, மோசம், மிக மோசம். ஒன்றில் சரி போட வேண்டும். அன்றும் ஞாயிற்றுக்கிழமை என்பதால் சரோஜா அக்கா வீட்டில் இருந்தார். குழந்தை மடியில் கிடந்தது. உதடு கொஞ்சம் நீலம் பாய்ந்தது போல எனக்குத் தெரிந்தது. குளிராலும் இருக்கலாம். பால் போத்தல் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஆறிக்கொண்டிருந்தது.

தேத்தண்ணி வந்தது. "வயிறு..." என்று ஆரம்பித்தேன்.

"முந்தியெல்லாம் வந்தா ரெண்டு கோப்ப குடிப்பீங்க மிஸ்" என்றார் சரோஜா அக்கா. "எங்க தண்ணிய போத்தல்ல அள்ளிக்கிட்டுப் போனீங்கள்ல, அதுலேருந்து ஒங்களுக்கு வயித்துவலி."

அவர் கையை நீட்டி என் மடியிலிருந்த கேள்வித்தாளை எடுத்தார். விரலை வைத்து ஐந்து பெட்டிகளின் பெயர்களையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எப்பவும் நீங்கதான் கேக்குறீங்க. இன்னைக்கு நான் கேக்குறேன். எங்க பீலித் தண்ணி எப்படி? பாப்பாவுக்குக் குடுக்கலாமா? பேசாதீங்க, பேசக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. சரி மட்டும் போடுங்க."

பேனாவைத் திறந்து ஐந்தாவது பெட்டியில் சரி போட்டேன். குறிப்புகள் என்ற இடத்தில், கொதிக்க வைத்தாலும் போகாது, காட்டோரத்து ஊற்று நல்லது என்று எழுதினேன். அடியில், தகவல் சேகரித்தவர் என்ற இடத்தில், என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை அவரிடம் கொடுத்தேன்.