மஞ்சள் தூள் போட்ட ரேடியேட்டர்

பாகூரில் எங்கள் வயலோரக் கொட்டகையில் நான் கட்டிக்கொண்டிருப்பது ஒரு சின்ன விமானம். ஊரில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. "அக்கா செய்யிற ஃபேன்" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் பைப் லைன் பராமரிப்பு என் வேலை. பறக்க அனுமதி கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். முதலில் எஞ்சின் கொதிக்காமல் ஓட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

எஞ்சின் பழைய காரிலிருந்து கழற்றியது. ஏற்கெனவே இரண்டு முறை கொதித்துவிட்டது. அறுவடை நெருங்கியதும் என் வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ற வரைக்கும் கொதிக்காம ஓட்டிக் காட்டு, கொட்டகை உனக்கு. இல்லன்னா நெல்லு மூட்டை உள்ள வரும், எஞ்சின் காயலான் கடைக்குப் போவும்."

எனக்கு ஆத்திரம். ஆனால் ஒத்துக்கொண்டேன். ஏன் கொதிக்கிறது என்று கண்டுபிடித்திருந்தேன். காரில் ரேடியேட்டர் எஞ்சினுக்கு முன்னால், ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும். என் விமானத்தில் அது எஞ்சினுக்கு அடியில். கீழேயிருந்து தண்ணீர் ஊற்றினால் காற்று மேலே, எஞ்சினின் மேல்மூடியான தலைக்குள் மாட்டிக்கொள்ளும். காற்று நின்ற இடத்துக்குத் தண்ணீர் போகாது. அதனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன டேங்க் வைத்தேன். எஞ்சின் தலையின் உச்சியிலிருந்து அந்த டேங்குக்கு, காற்று வெளியேற, பென்சில் பருமனில் ஒரு டியூப் இழுத்தேன். ஹோஸ்களையெல்லாம் மாற்றி கிளாம்ப் போட்டேன். உட்கார நேரமில்லை. சாப்பிடும்போதும் கிளாம்ப் ஞாபகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் நிரப்பியபோது ரேடியேட்டர் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. பற்றவைக்கும் கம்பி எடுக்க வீட்டுக்குப் போனேன். உதவிக்கு வந்திருந்த என் தம்பி, கரும்பு லாரி ஓட்டுகிறவன், கொட்டகையிலேயே இருந்தான். திரும்பி வந்தால் கசிவு நின்றிருந்தது. அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னாடா பண்ண?"

"ஒண்ணும் இல்லக்கா. கை வெச்சேன், நின்னுடுச்சு. நீ ஸ்டார்ட் பண்ணு."

எனக்கும் அவசரம். ஸ்டார்ட் செய்தேன். ஃபேன் சுற்றியது. கொட்டகைத் தூசியெல்லாம் வெளியே பறந்தது. வீட்டுக்காரர் பெட்ரோல் டேங்கையும் சூடு காட்டும் மீட்டரின் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். முள் நடுவில் அசையாமல் நின்றது. அந்த அசையாமைதான் எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தேன். பெட்ரோல் கால்வாசிதான் பாக்கி.

அப்போது சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. வயல் நடுவில் ஏது சாம்பார்? ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குத் திரும்பும் பைப்பைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. எஞ்சின் பக்கம் கையே கொண்டுபோக முடியவில்லை. தண்ணீர் ஓடவேயில்லை. உடனே சுவிட்சை அணைத்தேன்.

"முள்ளு நல்லாத்தானே நிக்குது? ஏன் நிறுத்தின?" என்றார் வீட்டுக்காரர்.

"முள்ளோட சென்சார் காத்துல நிக்குது. தண்ணிய தொட்டாத்தானே சூடு காட்டும்? இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா சூட்டுல எஞ்சின் தலை வளைஞ்சிருக்கும்."

பென்சில் டியூபைப் பிடுங்கினேன். உள்ளே மஞ்சள் களி; காற்று வெளியேற வழியே இல்லை. தம்பியைப் பார்த்தேன்.

"லாரி ரேடியேட்டர் ஒழுவுனா மஞ்சத்தூள்தானேக்கா போடுவோம்? எல்லா டிரைவரும் வண்டியில ஒரு பாக்கெட் வெச்சிருப்பான்."

"உன் லாரியில இந்த டியூப் இருக்காடா? அறிவு கெட்டவனே!"

"ஒழுவறது நின்னுச்சா இல்லையா?"

அடிக்கக் கை ஓங்கினேன். ஓடிவிட்டான்.

வீட்டுக்காரர் டேங்கைத் தட்டிப் பார்த்தார். "பெட்ரோல் மீதி இருக்கு. நீ சும்மா இருந்திருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன். தோத்துட்டடி."

"ஓட விட்டுக் கெட்டுப்போன எஞ்சினுக்குக் கொட்டகை எதுக்கு?" என்றேன்.

மூட்டைகள் உள்ளே வந்தன. எஞ்சினைக் காயலான் கடைக்கு விடவில்லை. அதைத் தள்ளிக்கொண்டுபோய் மோட்டார் ரூம் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடினேன். கொடுத்த வாக்கு என்ன ஆச்சு என்று வீட்டுக்காரர் கேட்டார். கொட்டகையைக் காலி செய்துவிட்டேன், அது போதும் என்றேன்.

அப்புறம் எஞ்சின் தலையைக் கழற்றி இரும்பு ஸ்கேலை மேலே வைத்துப் பார்த்தேன். ஸ்கேலுக்கு அடியில் எங்கேயும் வெளிச்சம் தெரியவில்லை. தலை வளையவில்லை.

இப்போது தினமும் வேலை முடிந்து வந்ததும் ரேடியேட்டரைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். இன்னும் மஞ்சளாகத்தான் வருகிறது.